ஆரி ஒர்க் செய்ததற்குப் பள்ளியில் மெமோ: வேலையை விட்டுவிடலாமா?

திருச்சியிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 36. தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. சம்பளம் 28,000 ரூபாய். கணவர் ரயில்வே பணிமனையில் டெக்னீஷியன். கொரோனா ஊரடங்கில் பொழுது போகக் கற்றுக்கொண்ட ஆரி ஒர்க்கில் இப்போது நூல், மணி, ஜரிகைச் செலவு போக மாதம் சராசரியாக 12,000 ரூபாய் நிற்கிறது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அவருடைய பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள். அவர்களில் ஒருவர், இவர் வகுப்பு மாணவனின் தாயார், தங்கையின் முகூர்த்தப் பட்டுக்கு பிளவுஸ் துணி கொடுத்திருக்கிறார். பேசிய கூலி 7,500, வாங்கிய அட்வான்ஸ் 2,000. வேலை முடிந்த பிறகு, “முதுகுப் பக்கம் குந்தன் கம்மியாக இருக்கிறது, குறைத்துக்கொள்ளுங்கள்” என்று பேரம். “மீதி வந்தால்தான் பிளவுஸ்” என்று இவர் சொல்ல, அந்த அம்மா நேரே தாளாளரிடம் போய்விட்டார். மறுநாளே மெமோ: அனுமதியில்லாமல் வேறு தொழில் செய்ததற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும்.

“பள்ளி விட்ட பிறகு நான் என்ன செய்தால் இவர்களுக்கு என்ன? தொழில் செய்யும் உரிமையை அரசியல் சட்டமே கொடுத்திருக்கிறதே? சக ஆசிரியைகள் வீட்டில் டியூஷன் எடுக்கிறார்கள், அவர்களை யாரும் கேட்பதில்லை. வேலையை விட்டுவிடு என்கிறார் கணவர். ஆனால் என் டிகிரி, பி.எட். சான்றிதழ்களின் ஒரிஜினல் பள்ளியில்தான் இருக்கிறது. பிளவுஸை நான் கொடுக்காமல் வைத்திருக்கலாமா? தொழிலைக் கணவர் பெயருக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீருமா? வருமானத்தை வரிக் கணக்கில் காட்ட வேண்டுமா? சனிக்கிழமைகளில் ஆரி வகுப்பு எடுக்கவும் ஆசை” என்று முடிக்கிறார். பணி ஒப்பந்த நகல், மெமோ, வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டுகள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறார். அதனால்தான் இவ்வளவு விவரமாகப் பதில் சொல்ல முடிகிறது.

சகோதரி, மெமோவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் பிளவுஸ் அவசரம். முகூர்த்தம் அடுத்த வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

பிளவுஸைக் கொடுத்துவிடுங்கள்

கூலி பாக்கி இருந்தால் பொருளைப் பிடித்து வைக்கலாம் என்று நீங்கள் நினைப்பது பொதுவாகச் சரிதான். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 170 அந்த உரிமையைத் தருகிறது. ஒருவர் கொடுத்த பொருளில் உங்கள் உழைப்பையோ திறமையையோ போட்டிருந்தால், பேசியபடி வேலையை முடித்திருந்தால், கூலி வரும்வரை அந்தப் பொருளை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். ஆரி வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு கிடையாது.

ஆனால் அதே பிரிவில் ஓர் உதாரணமும் இருக்கிறது. ஒருவர் தையல்காரரிடம் கோட்டுக்குத் துணி கொடுக்கிறார். தைத்து முடித்ததும் கொடுத்துவிடுவதாகவும், பணத்துக்கு மூன்று மாதம் தவணை தருவதாகவும் தையல்காரர் ஒத்துக்கொள்கிறார். அப்படியானால் பணம் வரவில்லை என்று கோட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை.

இப்போது நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பாருங்கள். துணி கொடுத்த அன்றே அந்த அம்மா, “மீதியை முகூர்த்தம் முடிஞ்சு தரேன் மிஸ்” என்று அனுப்பியிருக்கிறார். நீங்கள், “சரிங்க அக்கா, பரவாயில்லை” என்று பதில் போட்டு, கூடவே ஒரு கும்பிடு பொம்மையும் வைத்திருக்கிறீர்கள். நல்ல மனசு. ஆனால் சட்டப்படி நீங்கள் கடன் கொடுத்துவிட்டீர்கள். முகூர்த்தம் முடியும்வரை அந்த 5,500 ரூபாய் கேட்கும் நாளே வரவில்லை. பிளவுஸைப் பிடித்து வைத்தால் தவறு உங்கள் பக்கம் வந்துவிடும். கல்யாணத்தன்று பெண்ணுக்கு பிளவுஸ் இல்லை என்று அவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சேவைக்குப் புகார் கொடுக்க அங்கே கட்டணம்கூடக் கிடையாது. வீட்டில் உட்கார்ந்து செய்கிற சின்ன வேலை என்பதற்காகச் சட்டம் உங்களை விட்டுவிடாது.

அதனால் இன்றே கொடுங்கள். கொடுப்பதற்கு முன் பகல் வெளிச்சத்தில் முன்பக்கம், முதுகு, இரண்டு கை என நாலைந்து படம் எடுத்து, “பேசிய டிசைன்படி முடித்த பிளவுஸ், கூலி 7,500, வந்தது 2,000, மீதி 5,500” என்று அதே வாட்ஸ்அப் உரையாடலிலேயே அனுப்பிவிடுங்கள். அவர் ‘ஓகே’ என்று ஒரு பதில் போட்டாலே உங்களுக்கு ஆதாரம். பணம் வராவிட்டால் கேட்பதற்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. திருச்சி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் ஒரு மனு கொடுத்தால் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. ஆனால் என் கருத்தைக் கேட்டால், இந்த மெமோ விவகாரம் அடங்கும்வரை 5,500 ரூபாய்க்காக எதுவும் செய்யாதீர்கள்.

இனிமேல் ஆர்டர் எடுக்கும்போது “டெலிவரிக்கு முன் முழுப் பணம்” என்று ஒரே வரியை அட்வான்ஸ் வாங்கும்போதே எழுதி அனுப்பிவிடுங்கள். அந்த வரி இருந்தால் பிரிவு 170 உங்கள் கையில் இருக்கும். துணியை வாங்கும்போதும் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே கறையா, நூல் இழுத்திருக்கிறதா என்பது பிற்பாடு பெரிய பேச்சாகிவிடும். அடுத்தவர் பட்டு உங்கள் வீட்டில் இருக்கும்வரை, உங்கள் சொந்தப் பட்டைப் போலக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுக்கு உண்டு.

பள்ளிக்குக் கேட்க உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. இது உங்களுக்குப் பிடிக்காது, தெரியும்.

தொழில் செய்யும் சுதந்திரத்தைத் தரும் அரசியல் சட்டப் பிரிவு 19 முதன்மையாக அரசுக்கு எதிரானது. நீங்களாகக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துக்கு அதைப் பதிலாகக் காட்ட முடியாது. இணையத்தில் சொல்கிற இன்னொரு வாதம், ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 27: தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது. அது வேலையை விட்டுப்போன பிறகும் கைகால் கட்டுகிற நிபந்தனைகளுக்கு நன்றாகப் பொருந்தும். வேலையில் இருக்கும்போது “எங்களிடம் மட்டும் வேலை பார்” என்று சொல்வது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1967இலேயே கோலிகரி வழக்கில் சொல்லிவிட்டது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கிலும் அதையே திரும்பச் சொன்னது. ஐ.டி. துறையில் 2022இல் விப்ரோ 300 பேரை வெளியே அனுப்பியபோது ‘மூன்லைட்டிங்’, அதாவது ஒரு வேலையில் இருந்துகொண்டே இன்னொரு வேலை பார்ப்பது பற்றி எவ்வளவு பேச்சு நடந்தது! அங்கே போட்டிக் கம்பெனிக்கு வேலை பார்த்ததாகக் குற்றச்சாட்டு. உங்கள் விஷயம் அந்த அளவுக்குப் போகாது. ஆரி ஒர்க் எந்தப் பள்ளிக்கும் போட்டியில்லை.

உங்கள் ஒப்பந்தத்தின் வாசகம், “நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி ஊதியம் தரும் வேறு பணியிலோ தொழிலிலோ ஈடுபட மாட்டேன்” என்பது. கவனியுங்கள், அடியோடு கூடாது என்று இல்லை. அனுமதியோடு செய்யலாம். நீங்கள் அனுமதி கேட்கவில்லை, அவ்வளவுதான் குறை. உங்கள் பதிலை அந்த ஓட்டையில்தான் கட்ட வேண்டும்.

விளக்கத்தில் “நான் எந்தத் தொழிலும் செய்யவில்லை” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் விலைப்பட்டியலே இருக்கிறது. பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றச்சாட்டாகும். பயத்தில் பக்கத்தை அழிக்கவும் வேண்டாம். மாலையிலும் விடுமுறையிலும் வீட்டில் கைவேலை செய்வது உண்மை, பள்ளி நேரத்தையோ பொருளையோ இதற்குப் பயன்படுத்தவில்லை, பொழுதுபோக்காகத் தொடங்கியதால் அனுமதி வேண்டும் என்று தோன்றவில்லை, இப்போது அந்த விதிப்படி அனுமதி கோருகிறேன் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்.

இன்னொரு வாக்கியம் கட்டாயம் சேருங்கள்: இந்தப் பள்ளிப் பெற்றோர்களிடம் இனி ஆர்டர் எடுக்க மாட்டேன். தாளாளரின் மனசு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் வகுப்புப் பையனின் அம்மாவிடம் காசு பாக்கி வைத்துக்கொண்டு, அந்தப் பையனின் விடைத்தாளையும் நீங்கள் திருத்துகிறீர்கள். நீங்கள் நேர்மையாகத்தான் மார்க் போடுவீர்கள். ஆனால் பார்க்கிறவர்கள் அப்படி நினைக்க வேண்டுமே. சட்டத்தைவிட இந்த விஷயத்தில் பள்ளியின் கோபத்துக்கு நியாயம் அதிகம். வருமானத்தில் பாதி போகுமே என்பீர்கள். கொஞ்ச நாளைக்குப் போகும். நீங்கள் கடிதத்தில் சொல்கிற தில்லைநகர் டெய்லர் கடைக்காரர், ஆரி வேலையை வெளியே கொடுத்து வாங்குகிறவர்தானே? அவரிடம் முதலில் பேசுங்கள்.

டியூஷன் எடுக்கும் சக ஆசிரியைகளைப் பற்றி விளக்கத்தில் ஒரு வார்த்தையும் வேண்டாம். அவர்கள் செய்வது உண்மையில் உங்களுடையதைவிடச் சிக்கலானது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 28 ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதையே தடுக்கிறது. ஆனால் அவர்கள் தப்பு செய்கிறார்கள் என்பது உங்களுக்கு விளக்கமாகாது. நாளைக்கும் அதே ஸ்டாஃப் ரூமில் உட்கார வேண்டியவர் நீங்கள்.

சான்றிதழ் அவர்களுடையது அல்ல

இந்த இடத்தில் நீங்கள் பயப்படவே வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் பூட்டி வைப்பது நம் ஊர்த் தனியார் பள்ளிகளில் பழக்கமாகிவிட்டது. பழக்கம்தான், சட்டமில்லை. பிளவுஸை நீங்கள் பிடித்து வைக்க இடமுண்டு என்றேனே, அது அதில் உங்கள் உழைப்பு இருப்பதால். உங்கள் பி.எட். பட்டத்தில் பள்ளியின் உழைப்பு எதுவுமில்லை. ஒப்பந்தச் சட்டத்தில் 170க்கு அடுத்த பிரிவான 171, வங்கிகள் முதலான சிலருக்கு மட்டும் பொதுவாகப் பிடித்து வைக்கும் உரிமை தருகிறது. பள்ளிக்கூடம் அந்தப் பட்டியலில் இல்லை. கல்விச் சான்றிதழ் விற்கக்கூடிய சரக்கல்ல, அதன்மீது அப்படியொரு உரிமையே கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீல்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறோம். ஆனால் ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2000இல் உச்ச நீதிமன்றம் எங்களுக்கே குட்டு வைத்தது. பள்ளி எம்மாத்திரம்?

மெமோவோடு இதைக் கலக்காதீர்கள். அது முடிந்த பிறகு, வேறு எந்தக் காரணமும் சொல்லாமல், சான்றிதழ்களைத் திருப்பித் தரும்படி தனிக் கடிதம் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். போட மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட். அதற்கும் அசையாவிட்டால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் புகார், கடைசியாக நீதிமன்றம்.

ராஜினாமா இப்போது வேண்டாம்

கணவர் பாசத்தில் சொல்கிறார். ஆனால் ஒப்பந்தத்தில், கல்வியாண்டின் நடுவில் விலகினால் இரண்டு மாதச் சம்பளம் கட்ட வேண்டும் என்று இருக்கிறது. அதாவது 56,000 ரூபாய். பள்ளிக்கு ஏற்படும் நியாயமான நஷ்டத்துக்கு மேல் கேட்க முடியாது என்று வாதாடலாம். ஆனால் நான் சொன்ன விஜயா வங்கித் தீர்ப்பில், பாதியில் போன ஊழியர் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றுதான் முடிவானது. அது ஆளெடுக்கப் பெருஞ்செலவு செய்யும் பொதுத்துறை வங்கி, இது பள்ளி, வித்தியாசம் உண்டு. இருந்தாலும் வாதாடிப் பார்க்க நல்ல நேரம் இதுவல்ல.

பள்ளிக்கும் வரம்பு உண்டு. ஒரு மெமோவோடு உங்களை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. குற்றச்சாட்டைச் சொல்லி, உங்கள் தரப்பைக் கேட்டு, அதன் பிறகுதான் தண்டனை. செய்த வேலைக்கான சம்பளத்தை நிறுத்தி வைக்கவும் முடியாது.

இதையெல்லாம் விடுங்கள். 28,000 ஒன்றாம் தேதி வந்துவிடும். 12,000 என்பது சராசரி. தையில் எவ்வளவு வந்தது, ஆடியில் எவ்வளவு வந்தது, மார்கழியில் ஒரு முகூர்த்தப் பிளவுஸாவது வந்ததா என்று மாதவாரியாக எழுதிப் பாருங்கள். கூடவே உங்கள் ராத்திரிகளையும் எழுதுங்கள். கழுத்து வலி, கண் எரிச்சல் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்களே, அதற்கும் விலை போட வேண்டும். அப்படிக் கணக்குப் பார்த்தும் ஆரிதான் என்று தோன்றினால், கல்வியாண்டு முடியும்போது, சான்றிதழ்கள் கைக்கு வந்த பிறகு, நோட்டீஸ் கொடுத்துவிட்டு மரியாதையாக வெளியே வாருங்கள்.

கணவர் பெயருக்கு மாற்றுவது

கூடவே கூடாது. நீங்கள் தனியார் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர். அவர் ரயில்வே ஊழியர் நடத்தை விதிகள், 1966க்குக் கட்டுப்பட்டவர். விதி 15இன்படி முன் அனுமதி இல்லாமல் அவர் எந்த வியாபாரமும் செய்யக் கூடாது. சின்ன மெமோவைப் பெரிய மெமோவாக மாற்றிக்கொள்வீர்கள். குடும்பத்தில் யாராவது தொழில் செய்தால் அதை அவர் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. அவர் இதுவரை தெரிவித்தது போலத் தெரியவில்லை. “என் மனைவி வீட்டில் கைவேலைப்பாடு செய்து வருமானம் ஈட்டுகிறார்” என்று அவர் மேலதிகாரி வழியாக ஒரு கடிதம் கொடுத்தால் போதும். அப்புறம், பணிமனையில் நண்பர்களுக்கு உங்கள் விசிட்டிங் கார்டைக் கொடுத்து ஆர்டர் பிடித்துத் தருகிறார் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். குடும்பத் தொழிலுக்கு ஊழியர் ஆள் பிடிப்பதையும் அந்த விதி விரும்பாது. கார்டை வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

தொழில் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் நீங்களே செய்யலாம், ஒரு பைசா கட்டணம் இல்லை. அதற்கு 2,500 கேட்கும் ‘கன்சல்டன்ட்’டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நீங்கள் விசாரித்திருக்கும், கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் பி.எம். விஸ்வகர்மா கடன் மட்டும் உங்களுக்குக் கிடைக்காது. அரசுப் பணியில் இருப்பவர்களின் குடும்பத்தாருக்கு அதில் இடமில்லை.

வருமான வரி

“எல்லாம் ஜிபேயில் ஐநூறு, ஆயிரமாக வருவது, வரி வரம்புக்குள்தான் இருக்கிறேன், காட்ட வேண்டியதில்லை” என்கிறீர்கள். வரி கட்ட வேண்டியதில்லை என்பது சரி. கணக்கே தாக்கல் செய்ய வேண்டியதில்லை என்பது தவறு. 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில் பார்ப்போம். சம்பளம் ஆண்டுக்கு 3,36,000. நிலையான கழிவு 75,000 போனால் 2,61,000. ஆரி லாபம் 1,44,000. மொத்தம் 4,05,000. வரம்பு 4 லட்சம். ஐயாயிரம் ரூபாயில் தாண்டிவிட்டீர்கள். 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம்தான், ஆனால் வரம்பைத் தாண்டினால் ரிட்டர்ன் போட வேண்டும். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 இதற்கு ஆகாது. சின்னத் தொழில்களுக்கான அனுமான வருமான முறையில் ஐடிஆர்-4 போடலாம். இதில் உங்களுக்கும் லாபம் உண்டு. நாளைக்குத் தையல் மெஷினுக்கோ கடைக்கோ வங்கியில் கடன் கேட்டால் முதலில் கேட்பது ரிட்டர்ன் நகலைத்தான். ஜிஎஸ்டி பற்றிக் கவலை வேண்டாம். கூலி வேலை சேவையில் வரும், அதற்கு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம்.

சனிக்கிழமை வகுப்பு

இந்த ஆசையை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். நான் சொன்ன கல்வி உரிமைச் சட்டப் பிரிவு 28 ‘தனி டியூஷன்’ என்பதோடு நிற்கவில்லை, தனியாகக் கற்பிக்கும் வேலை எதையும் சேர்த்தே சொல்கிறது. பெரிய பெண்களுக்கு ஆரி சொல்லித் தருவது அதில் வராது என்று நான் வாதாடுவேன். வரும் என்று பள்ளியின் வக்கீலும் வாதாடுவார். மெமோ ஒன்று கையில் இருக்கும்போது அந்த விவாதத்தை நீங்களே தொடங்கி வைக்க வேண்டாம். அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகு, அதில் வகுப்பையும் சேர்த்துத் தனியாகக் கேட்கலாம். அப்போதும் உங்கள் பள்ளி மாணவிகளைச் சேர்க்காதீர்கள்.

விளக்கக் கடிதத்தை எழுதியதும் அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். கெடு முடிவதற்கு ஒரு நாள் முன்பே அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிவிடுங்கள்.